ரேஸுக்கும் கிணற்றுக்கும் ஒரே காம்ஷாஃப்ட்

பிரேக் ஷூ கேட்டு வருகிறவர் வாங்கிக்கொண்டு போய்விடுவார். காம்ஷாஃப்ட் கேட்டு வருகிறவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிடுவார். தேனியில் எங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கவுண்ட்டரில் நிற்கிறவள் நான். பிள்ளைகள் தலையெடுத்து வெளியூர் போய்விட்டார்கள். நான் கடையோடு இருக்கிறேன். வியாபாரத்தில் இருக்கிறவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

காதால் வாங்குகிறவர்

ஜெயமங்கலம் முத்தையா வாழை விவசாயி. பழைய கார் ஒன்றை வட்ட மண் டிராக்கில் ரேஸ் ஓட்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. எஞ்சினின் வால்வுகள் எவ்வளவு திறக்கவேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்கவேண்டும் என்பதெல்லாம் காம்ஷாஃப்டின் கையில்தான் இருக்கிறது. இவரோ செல்போனில் வீடியோ போட்டு என் காதருகே நீட்டினார். ஒரு கார் நின்ற இடத்திலேயே 'டக்கு டக்கு' என்று உதறிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் வருகிற காம்ஷாஃப்ட்தான் வேண்டுமாம்.

"அது எஞ்சின் அலறினாத்தான் இழுக்கும் தம்பி. நீளமான ரோட்டுக்குச் சரி. உங்க டிராக்குல எங்கன பாத்தாலும் வளைவு. வேகம் குறைஞ்சு திரும்பினதும் சட்டுனு கிளம்பணும்ல?" என்றேன். வேறெங்கோ அப்படியொன்றை வாங்கிப் போட்டு, போன இரண்டு ரேஸிலும் வண்டி வளைவிலேயே அணைந்து நின்ற கதை அப்புறம்தான் வெளியே வந்தது.

"சத்தம் பத்தலையோன்னு நெனச்சேன்க்கா!"

செல்வியின் தீர்ப்பு

மறுநாள் அவர் மனைவி செல்வி தனியாக வந்தாள். இந்த முறையும் ரேஸை முடிக்காமல் வந்தால், எஞ்சினைக் கழற்றித் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் இறைக்க மாட்டுவதென்று வீட்டில் முடிவாகிவிட்டதாம். முத்தையாவும் தலையாட்டிவிட்டார். அதனால் கிணற்றுக்கு எந்தக் காம்ஷாஃப்ட் ஒத்துவரும் என்று இப்போதே தெரிந்துகொள்ள வந்திருக்கிறாள்.

தண்ணீர் இறைக்கிற எஞ்சினும் அலறக் கூடாது, நடுவேகத்தில் விடாமல் இழுக்கவேண்டும். முத்தையாவின் டிராக்குக்கென்று எடுத்து வைத்திருந்த காம்ஷாஃப்ட் டப்பாவையே காட்டினேன். செல்விக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அப்ப அதையே குடுங்கக்கா. அவுக ஜெயிச்சா கப்பு, தோத்தா தண்ணி!"

டப்பாவும் ஜெபமும்

சாமானைக் கையில் கொடுக்கும் முன் ஒரு நிமிடம் கண்மூடி ஜெபிப்பது என் வழக்கம். டப்பாவை வாங்க வந்த முத்தையா சர்ச் பக்கமே போகாதவர்; அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஜெயிக்கவேண்டும் என்று கேட்கச் சொன்னார். எல்லா வண்டியும் பத்திரமாக வந்து சேரவேண்டும் என்றுதான் கேட்பேன் என்றேன். பதறிவிட்டார்.

"எல்லா வண்டியும்னு கேக்காதீகக்கா, அம்புட்டுப் பேரும் எனக்கு முன்னாடி வந்துருவாக!"

சத்தமில்லாத குறை

ரேஸ் முடிந்து இருவரும் கடைக்கு வந்தார்கள். வண்டி எங்கேயும் நிற்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் அடுத்தவரைத் தாண்டி இரண்டாவதாக வந்துவிட்டது. எஞ்சின் தப்பித்தது. நான் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். முத்தையா முகம் மட்டும் தெளியவில்லை.

"வண்டி பூனை மாதிரி சத்தமில்லாம நிக்குதுக்கா. ஒருத்தன் திரும்பிப் பாக்கல" என்றார்.

செல்வி விடவில்லை. "பின்னால வர்றவுக எதுக்குங்க திரும்பிப் பாக்கணும்?"

இப்போதெல்லாம் காம்ஷாஃப்ட் கேட்டு யார் வந்தாலும், டிராக் எப்படி என்று கேட்ட கையோடு, வீட்டில் கிணறு உண்டா என்றும் கேட்டுவிடுகிறேன்.