குன்னூர் மலையில் மூன்று மொட்டை வண்டிகள்

காலை 6.40. மேட்டுப்பாளையம் தொடர்வண்டி நிலைய வாயிலில் வாடகை வண்டி ஓட்டுநர் பெருமாள் காத்திருந்தார். குன்னூர் முப்பத்து நான்கு கிலோமீட்டர். நாள் முழுவதும் உடனிருந்து மாலையில் இதே இடத்தில் கொண்டுவந்து விட மூவாயிரத்து இருநூறு ரூபாய் என்று தொலைபேசியிலேயே பேசி முடித்திருந்தோம். அருங்காட்சியகங்களுக்குப் பலகை வாசகம் எழுதுவது என் தொழில். குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலை வைத்திருக்கும் போஜன் என்னும் படுகர், தம்மிடமுள்ள மூன்று இத்தாலிய மகிழுந்துகளை ஒரு பழைய தேயிலைக் கொட்டகையில் காட்சிக்கு வைக்க விரும்பினார். அவற்றுக்குத் தமிழில் வாசகம் வேண்டும் என்று என்னை அழைத்திருந்தார். மூன்றும் ஒரே குலத்தில் பிறந்தவை. கூரையைத் திறந்து மூடக்கூடியவை. அவ்வகை வண்டிக்குத் 'திறகூரை மகிழுந்து' என்று ஒரு சொல்லை உருவாக்கி வைத்திருந்தேன். அது எனக்கே பிடிக்கவில்லை.

கல்லாற்றில் இ-பாஸைச் சரிபார்த்தார்கள். தடை செய்யப்பட்ட நெகிழித் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று பையைத் திறந்து பார்த்தார்கள். முதல் கொண்டை ஊசி வளைவில் பெருமாள் இரண்டாம் கியருக்கு இறங்கினார். பிறகு பேச்சுக்கு ஏறினார்.

"ஏனுங்க, போஜன் ஊட்டு வண்டியப் பாக்கவா இத்தன தொலவு வந்தீங்க? நான் குன்னூரு பெட்போர்டுல ஒருக்கா பாத்திருக்கேனுங்க. வேகத்தடை ஏற முடியாம நண்டாட்டம் கோணக்கோணயாப் போச்சு. பின்னால என் வண்டி, அதுக்குப் பின்னால பஸ்ஸு. ஒருத்தரும் ஹாரன் அடிக்கலீங்க. எல்லாம் படம் புடிச்சிட்டிருந்தாங்க."

"அழகாக இருந்ததா?"

"அழகுதானுங்க. ஆனா அது மொட்டை வண்டியா, கூண்டு வண்டியா? அத்தன விலை குடுத்து வாங்கிப்போட்டு, கூரை வேணுமா வேண்டாமான்னு ஒரு முடிவு பண்ண மாட்டாங்களா?"

பதினான்கு வளைவுகளையும் ஏறி முடிக்கும்வரை அச்சொற்கள் என்னோடு வந்தன. கூரையில்லா மாட்டுவண்டியை மொட்டை வண்டி என்றும், வளைகூரை போட்டதைக் கூண்டு வண்டி என்றும் வழங்கிய மொழிக்குப் புதுச்சொல் தேட நான் பல நாள் செலவிட்டிருந்தேன்.

காலை 8.30. தொழிற்சாலை. வதங்கும் கொழுந்தின் பச்சை மணம் கொட்டகைவரை வந்தது. போஜனுக்கு அறுபது வயதிருக்கும். கம்பளிச் சட்டையும் தலைப்பாகையுமாக வந்து, ஒரு தட்டில் வர்க்கி பிஸ்கட்டும் தேநீரும் வைத்துவிட்டு, மூன்று வண்டிகளின் மேலிருந்த போர்வைகளை ஒவ்வொன்றாக உருவினார். நான் கையிலெடுத்த வர்க்கி கையிலேயே இருந்தது.

இவற்றைச் செய்த இத்தாலிய நிறுவனம் எண்களையே வண்டிகளுக்குப் பெயராக வைத்திருக்கிறது. முதலாவது முந்நூற்று அறுபது. மூன்றரை லிட்டருக்குச் சற்று மேற்பட்ட கொள்ளளவுள்ள இயந்திரம். அதிலிருந்து வந்த எண் அது. நானூறு குதிரைத்திறன். இருக்கைகளுக்குப் பின்னே, ஒரு கண்ணாடி மூடியின் அடியில், எட்டு உருளைகள் கொண்ட அந்த இயந்திரம் கருவறைத் திருமேனிபோல் வெளியே தெரியும்படி கிடத்தப்பட்டிருந்தது. கியர்த் தண்டு, பிளவுகள் வெட்டிய ஓர் உலோகத் தட்டின் நடுவே நின்றது. தண்டை நகர்த்தினால் உலோகம் உலோகத்தைத் தொடும் 'டக்' என்னும் ஒலி. கூரை கறுப்புத் துணி.

அடுத்தது நானூற்று ஐம்பத்தெட்டு. நாலரை லிட்டர், எட்டு உருளை. இதில் துணி போய் உலோகக் கூரை வந்துவிட்டது. போஜன் பொத்தானை அழுத்தினார். பின்முதுகு எழுந்தது; கூரை இரண்டாகப் பிரிந்து, தலைகீழாகப் புரண்டு, உள்ளே படுத்தது; முதுகு மூடிக்கொண்டது. பதினான்கு நொடி. எங்கும் ஒரு விளிம்பு உரசவில்லை. கியர்த் தண்டுக்கு இதில் இடமில்லை. ஸ்டீயரிங் சக்கரத்தின் பின்னுள்ள இரண்டு இதழ்களை விரல்நுனியால் தொட்டாலே கியர் மாறும். இயந்திரம் மட்டும் கண்ணுக்கு மறைந்துவிட்டது. கூரைக்கு இடம் கொடுத்து அது உள்ளே ஒதுங்கிக்கொண்டது.

மூன்றாவது இருநூற்றுத் தொண்ணூற்றாறு. எண் இறங்கியிருந்தது. மூன்று லிட்டருக்கும் குறைவு, உருளைகளும் ஆறே. திறனோ எண்ணூற்று முப்பது. இயந்திரத்தோடு ஒரு மின்மோட்டாரும் சேர்ந்த வடிவம் இது. கண்ணாடி மூடி திரும்பி வந்திருந்தது. உடல் சிறுத்து ஆற்றல் பெருகும் இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. வியக்க மட்டுமே முடிந்தது.

காலை 10.00. மூன்றாவது வண்டியில் போஜன் என்னை ஏற்றிக்கொண்டார். தாழ்ந்த மூக்கை ஒரு பொத்தானால் உயர்த்தி, வேகத்தடையை நேராகவே கடந்தார். தோட்டச் சாலையில் திரும்பியபோது ஒலி அடியோடு நின்றுபோனது. வண்டி பழுதாகிவிட்டது என்றே நினைத்தேன்.

"இப்ப பேட்டரில ஓடுதுங்க. பயப்படாதீங்க."

கூரை திறந்திருந்தது. கொழுந்து பறிப்பவர்களின் பேச்சு, தேயிலைச் செடிகளில் அவர்களுடைய கூடைகள் உரசும் ஒலி, சில்வர் ஓக் மரத்தில் ஒரு குருவி, எல்லாம் கேட்டன. வளைவின் மேட்டில் ஒரு காட்டெருமை நின்றது. பத்தடித் தொலைவில் கடந்தோம். அது மேய்வதை நிறுத்தவேயில்லை. எண்ணூற்று முப்பது குதிரைகள் ஒரு காட்டெருமையை மிரளவைக்காமல் கடந்து சென்றன. அந்த அரை நிமிடத்துக்காக நான் இன்னொரு முறை சென்னையிலிருந்து இவ்வளவு தொலைவு வருவேன்.

நண்பகல் 12.15. தவமணி வந்தார். ஐம்பத்தைந்து வயது. சிறுமியாக இருந்தபோது இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். குன்னூர்க் கடைவீதியில் ஜீப்புகளுக்குப் படுதா தைக்கும் கடை வைத்திருக்கிறார். இந்த மலையில் ஓடும் ஜீப்புகளில் பாதி இவர் தைத்த கூரையோடுதான் மழையைத் தாங்குகின்றன என்றார் போஜன்.

அப்போதுதான் செய்தி தெரிந்தது. முதல் வண்டியின் துணிக்கூரை மலை ஈரத்தில் பூசணம் பூத்து இற்றுப்போயிருந்தது. மூட முடியாத வண்டியைக் குன்னூரில் வைத்திருந்தால் ஒரு மழைக்காலத்தில் அது அழிந்துவிடும். இத்தாலியிலிருந்து புதுக் கூரையை வரவழைக்க நெடுநாளாகும் என்று தெரிந்ததும், போஜன் மனம் தளர்ந்து வண்டியை மும்பைக்காரர் ஒருவருக்கு விற்க ஒப்புக்கொண்டுவிட்டார். நாளை காலை ஏழு மணிக்கு லாரி வருகிறது. இதற்கிடையில் தவமணி, தாமே தைத்துப் பார்ப்பதாகத் துணிந்து கேட்டு, கோவையிலிருந்து துணி தருவித்து, ஒரு மாதம் உழைத்திருந்தார். இன்று சாலையில் சோதனை. கூரை ஒழுங்காகத் திறந்து மூடினால் வண்டி இங்கேயே இருக்கும். இல்லையென்றால் லாரி.

"டாக்ஸி ஸ்டாண்டுல கேக்குறானுங்க, தொரை," என்றார் தவமணி. "'ஜீப்புக்குத் தைக்கிற ஊசியால ஏரோப்ளேனுக்குத் தைக்கிறியா'ன்னு. நானும் வாய வச்சிக்கிட்டுச் சும்மா இல்லாம, 'நாளைக்குப் பாரு'ன்னு சொல்லிப்புட்டேன்."

"என்னத் தொரைன்னு சொல்லாதீங்கன்னா கேக்க மாட்டீங்களே. எத்தன தடவ மூடிப் பாத்தீங்க?"

"பத்துத் தடவ. பத்தும் சரி."

வண்டியில் இரண்டே இருக்கை. தவமணி, ஊசியும் மெழுகு நூலும் வைத்த பையை மடியில் அணைத்தபடி போஜனின் பக்கத்தில் அமர்ந்தார். நான் பெருமாளின் வண்டியில் பின்தொடர்ந்தேன். இயந்திரம் உயிர்பெற்றபோது பெருமாள் இரு கைகளையும் சக்கரத்திலிருந்து எடுத்துவிட்டார். அந்த ஒலியை எழுத்தில் கொண்டுவர என்னால் ஆகாது. கேத்தி வளைவுகளில் அது பள்ளத்தாக்குக்குள் இறங்கி, எதிர் மலையில் பட்டு, எங்களிடமே திரும்பி வந்தது. இருபது ஆண்டுக்கு முந்தைய வடிவம் ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தது. புதிய வடிவம் காட்டெருமையைக்கூடத் திரும்ப வைக்கவில்லை. எது வளர்ச்சி என்று பலகையில் எழுதுவது?

பிற்பகல் 1.20. குன்னூரிலிருந்து ஏறத்தாழப் பதினான்கு கிலோமீட்டர் தொலைவில், லவ்டேலுக்கு அருகே, ஓரமாக நிறுத்தினார்கள். கூரையைத் திறந்தார்கள், துணி அழகாக மடிந்து உள்ளே போயிற்று. தவமணி எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். அதற்குள் பள்ளத்தாக்கிலிருந்து மஞ்சு ஏறி வந்து சாலையை மூடியது. அதன் பின்னாலேயே மழைத்துளி.

"பட்டன அமுக்குங்க, தொரை. நான் சாமி கும்பிட்டுக்கிறேன்."

"மோட்டாருக்குக் காது கேக்குமா?"

கூரை எழுந்தது, வளைந்தது, முன்கண்ணாடியின் விளிம்பை எட்ட ஒரு சாண் இருக்கையில் நின்றுவிட்டது. மோட்டார் முனகியது. போஜன் மறுபடி அழுத்தினார். மறுபடி அதே இடம். தோல் இருக்கைகளின் மேல் துளிகள் விழத் தொடங்கின. போஜன் தலைப்பாகையைக் கழற்றி இருக்கைமேல் விரித்தார்.

"மொட்டையுமில்ல, கூண்டுமில்ல," என்றார் பெருமாள், என் காதோரம்.

அது தவமணிக்கும் கேட்டுவிட்டது. "வாய்க்கு ஒரு படுதா தைச்சுத் தாரேன், வாங்க இங்க. ஒங்க வண்டி மேல சாமான் மூடுற படுதா இருக்குல்ல? எடுத்துட்டு வாங்க."

நாங்கள் இருவரும் அந்தப் படுதாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியின்மேல் விதானமாக நின்றோம். தவமணி வண்டியைவிட்டு இறங்கி, கூரையின் முன்விளிம்பைத் தடவிப் பார்த்தார். துணி அங்கே புடைத்து, சட்டத்துக்கும் கொக்கிக்கும் நடுவே ஒரு மடிப்பாகத் திரண்டிருந்தது. அதை விரலால் அளந்தார். ஒன்று, இரண்டு.

"ரெண்டு விரல் இளக்கம்," என்றார். "பாவி மவ, நானேதான் விட்டேன்."

ஜீப்புப் படுதா பருத்தித் துணி. மழையில் நனைந்தால் சுருங்கி இறுகும். ஆகவே இந்த மலையில் யார் தைத்தாலும் இரண்டு விரல் அளவு தளர்வு விடுவார்கள். இவர் கையும் கேளாமலே விட்டுவிட்டது. கோவையிலிருந்து வந்ததோ, எவ்வளவு நனைந்தாலும் சுருங்காத செயற்கைத் துணி.

"அப்ப ஷெட்டுல பத்துத் தடவ எப்படிங்க மூடுச்சு?" என்று கேட்டார் போஜன்.

தவமணி தம் உள்ளங்கையைப் பார்த்தார். "பக்கத்துல நின்னு நீவி விட்டேனே, தொரை. ஜீப்பு மூடயில நீவித்தான விடுவோம்? நான் நீவி விட்டதத்தான் மோட்டாரு செஞ்சதா நெனச்சுப்புட்டேன்."

இன்று அவர் வண்டிக்குள் அமர்ந்திருந்தார். நீவிவிட ஒரு கை இல்லை.

அடுத்த நாற்பது நிமிடம் லவ்டேல் சாலையோரத்தில் கழிந்தது. தையலைப் பிரித்து, அந்த இரண்டு விரலையும் உள்ளே மடித்து, மெழுகு நூலால் கைத்தையல் போட்டார். மழை எங்கள் படுதாவைத் தட்டிக்கொண்டேயிருந்தது. என் தோள் மரத்துப்போயிற்று.

"இந்தப் படுதா எங்க தைச்சதுங்க, பெருமாளு?" என்று ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்.

"ஒங்க கடையிலதானுங்க, அக்கா."

"அதான் ஒழுகல."

பிற்பகல் 2.15. தவமணி ஊசியைப் பையில் போட்டார். வண்டியைவிட்டு நான்கடி தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நீவிவிட மாட்டேன் என்று அவர் அவற்றுக்கு விலங்கிட்டதுபோல் இருந்தது. போஜன் பொத்தானை அழுத்தினார். கறுப்புத் துணி எழுந்தது, மஞ்சுக்குள் வளைந்தது, அந்த ஒரு சாண் இடைவெளியை எட்டியது. யாரும் மூச்சு விடவில்லை. பிறகு, கியர்த் தட்டில் கேட்டேனே, அதே 'டக்'. கொக்கி விழுந்துவிட்டது. பெருமாள் நொடிகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார்: "இருவதுங்க!" என்று கத்தினார்.

போஜன் மூன்று முறை திறந்து மூடினார். மூன்று முறையும் தவமணி கையை அவிழ்க்கவில்லை. பிறகு அவரே உள்ளே அமர்ந்து, ஒரு துளியாவது சொட்டுகிறதா என்று காதால் தேடினார். வெளியே நனைந்தபடி போஜன் தொலைபேசியில் பேசுவது கேட்டது: "ஆமாங்க. லாரி வேண்டாங்க. அது இங்கயே இருக்கட்டும்."

மாலை 4.30. கொட்டகையில் வாசகங்களை எழுதிக் கொடுத்தேன். 'திறகூரை மகிழுந்து' என்பதை அடித்துவிட்டேன். 'மொட்டை வண்டியாகவும் கூண்டு வண்டியாகவும் ஆகவல்லவை' என்று தலைப்பலகையில் எழுதினேன். பெருமாள் அதை எழுத்துக்கூட்டிப் படித்து, இதற்கு உரிமைத்தொகை உண்டா என்று கேட்டார். முதல் வண்டியின் பலகையில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார் போஜன்: 'கூரை: தவமணி, குன்னூர்.'

தவமணி அதை இரண்டு முறை படித்தார். "நல்லாருக்கு, ஐயா. ஆனா டாக்ஸி ஸ்டாண்டுக்காரனுங்களும் வந்து படிப்பானுங்க. ரெண்டு விரல் கதைய மட்டும் எழுதிராதீங்க."

பலகையில் எழுதவில்லை. குன்னூரிலிருந்து இறங்கும்போது, பர்லியாறு தாண்டியதும் வெப்பம் ஏறியது; பெருமாள் கண்ணாடிகளை இறக்கினார். எங்கள் சென்னையில் வண்டிகள் ஆண்டு முழுவதும் குளிர்பெட்டிகளாக மூடியே ஓடுகின்றன. கூரை என்று ஒன்று இருப்பதையே நாங்கள் மறந்துவிட்டோம். ஒரு கூரை மூடுவதற்காக நால்வர் மழையில் மூச்சடக்கி நின்ற ஊரிலிருந்து திரும்புகிறேன். துணியிலிருந்து உலோகத்துக்கும், முழக்கத்திலிருந்து மௌனத்துக்கும் அந்த இத்தாலியர்கள் வந்து சேர்ந்த தொலைவை எண்ணி இன்னும் வியக்கிறேன். ஆயினும் கண்ணை மூடினால் தெரிவது, மஞ்சுக்குள் கட்டிக்கொண்ட இரண்டு கைகள். அவை அவிழாமலே கூரை மூடியதால்தான் அந்த வண்டி நாளை காலை ஏழு மணிக்குப் பிறகும் குன்னூரில் நிற்கும்.