ஓவியாவுக்கு எதிர் நாற்காலி

பீர்க்கன்கரணை ஓவியாவுக்கு இன்று பெருங்குடியில் வேலை. ஒரு கம்பெனியின் நெட்வொர்க்குக்குள் கண்டவனும் நுழையாமல் ஃபயர்வால் வைத்துக் காவல் காக்கிறாள். கை நிறையச் சம்பளம். ஆனால் அந்த வேலைக்கு அவளை இழுத்து வந்தது வஞ்சம்தான். அதை அவளே என்னிடம் சிரித்துக்கொண்டு சொல்லுவாள்.

அவள் அப்பா முனிரத்தினம் ஒரு காலத்தில் நெல் போட்டவர். நிலமெல்லாம் மனைகளான பிறகு பெருங்களத்தூரில் சிமெண்ட் கடை வைத்தார். ஒரே மகளுக்கு ஊரப்பாக்கத்தில் மாப்பிள்ளை பார்த்தார். பெயர் ஹரிபிரசாத். நிச்சயதார்த்தத்தன்று அந்தப் பையனின் அம்மா, தாம்பூலத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "எங்க பையன் ஃபயர்வால் இன்ஜினியர். அது என்னன்னாவது உங்க பொண்ணுக்குத் தெரியுமா?"

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஓவியாவும் சிரித்து வைத்தாள்.

பத்திரிகை அச்சாகி வந்த வாரம், ஊரப்பாக்கத்திலிருந்து போன் வருவது நின்றது. இவர்கள் கூப்பிட்டாலும் எடுக்கவில்லை. முனிரத்தினம் நேரில் போனார். வெயிலில் கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே டிவி ஓடுகிற சத்தம் கேட்டது. மாடி ஜன்னலில் திரை விலகி மூடியது. யாரும் வரவில்லை.

திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். "இன்னா தப்பு பண்ணோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்மா. தலைவிதின்னு வூட்டுக்கு வந்திருப்பேன். நாயாட்டம் நிக்க வெச்சிட்டானே!"

அதன் பிறகு அவர் கடைப்பக்கம் போகவில்லை. தெருவில் வாய்க்கு வாய் ஒரு கதை. பொண்ணுக்கு ஏதோ வியாதி என்றார்கள். யாரோடோ பழக்கம் என்றார்கள். காரணம் தெரியாத இடத்தில் ஊரே காரணம் எழுதியது. அந்த அவமானத்தில்தான் ஓவியா முடிவெடுத்தாள். எந்த வேலையைச் சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தார்களோ அதையே கற்பேன். ஒருநாள் அவன் என் எதிரே வந்து நிற்பான் என்று.

மேற்குத் தாம்பரத்தில், செருப்புக் கடைக்கு மேலே இருந்த பயிற்சி மையத்தில் சேர்ந்தாள். சான்றிதழ் தேர்வுக்கான செய்முறைப் பயிற்சி. புத்தகம் குறைவு, கைவேலை அதிகம். எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று வரிசையாக ரூல் எழுத வேண்டும். முதல் வாரம் அவள் எழுதிய ரூல், அவள் லேப்டாப்பையே தடுத்துவிட்டது.

"அக்கா, வீட்டைப் பூட்டி சாவியை உள்ளே போட்டுட்டீங்களே!" என்று கூடப் படித்த தினகரன் மேஜையைத் தட்டிச் சிரித்தான்.

"சிரிடா சிரி. உன் லேப்டாப்பை அடுத்து பூட்டுறேன் பாரு," என்றாள் ஓவியா. வகுப்பில் எல்லோருக்கும் அவளைப் பிடித்துப்போனது.

ஒருநாள் பயிற்சியாளர் தயாளன் சொன்னார்: "தடுக்கறதுல ரெண்டு வகை. ரிஜெக்ட்னா, வாசலுக்கு வந்தவன்கிட்ட 'வேணாம், போ'ன்னு சொல்லி அனுப்பறது. டிராப்னா, சத்தமே காட்டாம இருந்துடறது. வந்தவனுக்கு உள்ளே ஆள் இருக்கா இல்லையான்னே தெரியாது. தட்டிக்கிட்டே நிப்பான். தட்டினது யாருன்னு நம்ம ஸ்கிரீன்ல மட்டும் தெரியும்."

"பாவம் இல்லையா சார்?" என்றாள் ஜெயசீலி.

"எதிரிக்கு என்னம்மா பாவம்?"

ஓவியாவின் கண்கள் நிறைந்துவிட்டன. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பாவுக்கு நடந்ததற்குப் பெயர் கிடைத்துவிட்டது!

விதியின் விளையாட்டைப் பாருங்கள். அடுத்த மாதமே அதே வகுப்புக்கு ஹரிபிரசாத் வந்து சேர்ந்தான். பழைய கம்பெனி ஆட்களைக் குறைத்ததில் அவன் வேலை போயிருந்தது. சான்றிதழ் இல்லாமல் வேறெங்கும் எடுபடவில்லை.

"ஹாய் ஓவியா! நீ எங்க இங்க?" என்றான், பஸ் ஸ்டாப்பில் பார்த்தவனைப் போல. மன்னிப்பு இல்லை. முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

"படிக்க வந்தேன்," என்றாள். உள்ளே எரிமலை.

பயிற்சியின் கடைசி நாள் பெருங்குடிக் கம்பெனி ஒன்றிலிருந்து சின்மயி மேடம் வந்தார். நன்றாகச் செய்பவர்களைத் தன் கம்பெனிக்கே வேலைக்கு எடுக்கப் போகிறார். சோதனை ஜோடி ஜோடியாக. எதிரெதிரே உட்கார்ந்த இருவரும் ஆளுக்கொரு ஃபயர்வாலை அமைத்து, நடுவே டனல் என்கிற ரகசியப் பாதையைத் திறக்க வேண்டும். திறந்தால் இருவருக்கும் வேலை. திறக்காவிட்டால் இருவருக்கும் இல்லை. சீட்டுக் குலுக்கினார்கள்.

ஓவியாவுக்கு எதிர் நாற்காலியில் ஹரிபிரசாத்!

வேலை கிடைத்தால் அப்பா தலை நிமிர்வார். ஆனால் இவனுக்கும் கிடைக்குமே! இவனுக்கு நான் வாழ்வு கொடுப்பதா? ஒரு நிமிடம் கண்ணை மூடினாள். பிறகு எல்லா ரூல்களுக்கும் மேலே ஒன்றை எழுதினாள்: ஹரிபிரசாத்தின் கம்ப்யூட்டர் முகவரியிலிருந்து எது வந்தாலும் டிராப்.

அவன் தட்டினான். பதில் இல்லை. மறுபடி தட்டினான். அவள் திரையில் வரி வரியாக அவன் முகவரி ஏறிக்கொண்டே இருந்தது. பக்கத்து ஜோடிகள் முடித்துக் கைதட்டினார்கள்.

"ஓவியா, உன் சைடு ஒருதரம் செக் பண்ணேன்," என்று கிசுகிசுத்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என் சைடு நான் நினைச்ச மாதிரிதான் இருக்கு."

"அப்புறம் ஏன் வரல? எர்ரராவது காட்டணுமே! ஒண்ணுமே சொல்லமாட்டேங்குது!"

"கஷ்டமா இருக்கா?"

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். புரிந்துவிட்டது. "ப்ளீஸ் ஓவியா. வீட்டு லோன் இருக்கு. அம்மாவுக்கு பிபி. ப்ளீஸ்."

"எங்கப்பாவுக்கும் பிபிதான்."

நேரம் முடிந்தது. தயாளன் ஓவியாவின் திரையைப் பார்த்துத் திடுக்கிட்டார். "இது தெரியாம வந்த தப்பு இல்லையேம்மா. வேணும்னே பண்ணியிருக்கே. ஏன்?"

"காரணம் அவருக்குத் தெரியும் சார். அவரையே கேளுங்க."

சின்மயி மேடத்தின் முகம் இறுகியது. "உனக்கு இங்க இடம் இல்ல ஓவியா. வேணும்னு கெடுக்கறவங்ககிட்ட என் நெட்வொர்க்கை நான் குடுக்கமாட்டேன்." அவன் பக்கம் திரும்பினார். "உங்க மேல தப்பு இல்லேன்னா சொல்லுங்க. வேற ஒருத்தரோட உங்களுக்கு மறுபடி டெஸ்ட் வைக்கறேன்."

ஹரிபிரசாத் எழுந்தான். வேலைக்காக அவன் வாய் திறந்தது. அவளைப் பெற்றவர் வாசலில் காய்ந்தபோது திறக்காத வாய்!

"எங்களுக்கு நிச்சயமாச்சு மேடம். அப்புறம் கோவிலம்பாக்கத்துல இன்னொரு பொண்ணு வீட்டு இடம் வந்துச்சு, ஃபிளாட் எழுதி வைக்கறேன்னாங்க. அம்மா ஆசைப்பட்டாங்க. இவங்க மேல ஒரு குறையும் இல்ல. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம... போன் எடுக்கல. அவங்கப்பா வந்தப்போ நான் மேலதான் இருந்தேன். அந்த இடமும் என் வேலை போனதும் விட்டுப்போச்சு. இதான் மேடம். பர்சனல் விஷயம். டெஸ்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

ஒரு ஃபிளாட்! அதற்காகவா ஒரு பெண் ஊர் வாயில் விழுந்தாள்? ஓவியா அழவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"சரி, சொன்னபடி வைக்கறேன்," என்றார் மேடம். "யார் இவருக்கு எதிர்ல உட்காரறீங்க? டனலுக்கு இன்னொரு பக்கம் வேணுமே."

யாரும் எழவில்லை.

"தினகரன், நீ வாப்பா," என்றார் தயாளன்.

"எனக்கு டிரெயின் சார்."

"ஜெயசீலி?"

ஜெயசீலி கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். கேட்காதவளைப் போலச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். பின் வரிசையில் ஒருவர் லேப்டாப்பை மூடினார். இன்னொருவர் மூடினார்.

"நானே உட்காரட்டுமா மேடம்?" என்றார் தயாளன்.

"விடை தெரிஞ்சவர் உட்காரக் கூடாது சார்."

ஹரிபிரசாத் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பதில் இல்லை. ஓவியா கதவருகே நின்று அதைக் கண் குளிரப் பார்த்தாள். மேடம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தன் காகிதங்களை அடுக்கத் தொடங்கிய பிறகுதான் படியிறங்கினாள்.

அப்பாவிடம் காரணத்தைச் சொன்னபோது, "இவ்ளோதானா?" என்றார். பிறகு, "உன் வேலையும் பூடுச்சே, பைத்தியமே," என்று திட்டினார்.

"வேற வேலை வரும்பா," என்றாள்.

வந்தது. தேர்வைத் தனியே எழுதித் தேறி, அதே பெருங்குடியில் வேறொரு கம்பெனியில் சேர ஒரு வருஷம் ஆனது. அந்த ஒரு வருஷத்தைப் பற்றி வருத்தமா என்று நான் அவளிடம் கேட்டேன்.

"இன்னொரு தடவை சீட்டுக் குலுக்கினாலும் அவன் பேருதான் வரணும்கா," என்றாள் ஓவியா.