ஒரு டம்ளர் ஓதின தண்ணீர்

மட்டாஞ்சேரி ரஃபீனா விமானம் ஓட்டிப் பத்து மாதமாகிறது. எறணாகுளம் பிராட்வேயில் துணிக்கடை வைத்திருந்த ஷாகுல் ஹமீதின் மகள் அவள். மகளைப் பைலட் ஆக்கக் கடையையே விற்றார் மனிதர். வேலைக்குப் போன பிறகு உடம்பு நூற்றுப் பன்னிரண்டு கிலோவாகி, ரத்த அழுத்தமும் ஏறியது. குடலைத் திருப்பிப் போட்டு வயிற்றைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். இப்போது எழுபத்து மூன்று கிலோ. ஆனாலும் மருத்துவச் சான்று கைக்கு வராமல் விமானத்தில் ஏறி உட்கார முடியாது. எடை நிலையாக நிற்க வேண்டும். மயக்கம், படபடப்பு எட்டிப் பார்க்கக்கூடாது. ஆறு மாதமாக அப்படி ஒன்றும் இல்லை.

விடிகாலையில் அவளுக்கு வரும் கனவு ஒன்றேதான். மட்டாஞ்சேரியின் ஓட்டுக்கூரைகள் மெல்லச் சாய்ந்து கீழே போகும். காயல் தண்ணீர் மினுங்கும். விமானம் அவள் கையில் பூனைபோல அடங்கிக் கிடக்கும்.

பரிசோதனை நாளன்று உம்மா ஜுமைலா டம்ளரோடு வாசலை மறித்தாள்.

"ஓதி ஊதின தண்ணி மோளே. மிச்சம் வைக்காமக் குடி."

பள்ளித் தேர்விலிருந்து முதல் தடவை தனியாகப் பறந்த நாள்வரை, இந்தத் தண்ணீர் குடிக்காமல் ரஃபீனா படியிறங்கியதில்லை. மடமடவென்று குடித்தாள். டம்ளர் காலியான பிறகுதான் நாக்குக்கு உறைத்தது. சர்க்கரை! போச்சு. சுருக்கிய வயிற்றிலிருந்து இனிப்பு சரசரவென்று குடலில் இறங்கினால் மயக்கம் வராமல் இருக்குமா?

எறணாகுளம் போகும் படகு பாதிக் காயல் தாண்டியபோது வேர்த்துக் கொட்டியது. நெஞ்சு தடதடத்தது. கரையும் தென்னைகளும் மிதந்தன. கனவுதானோ என்று ஒரு கணம் சுகமாகக்கூட இருந்தது. பிறகுதான் பயம் வந்தது. பக்கத்திலிருந்த சேச்சி தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். எறணாகுளம் இறங்கும்போது எல்லாம் தெளிந்துவிட்டது.

டாக்டர் சீதாலக்ஷ்மி பார்த்ததில் கண், இதயம், எடை எல்லாம் சரி. பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார்: "மயக்கம், படபடப்பு ஏதாவது?"

இல்லை என்றால் அடுத்த மாதம் வானம். காயலுக்கும் அந்தச் சேச்சிக்கும் தவிர யாருக்குத் தெரியும்? ஆனால் அவள் முதுகுக்குப் பின்னால் நூற்றெண்பது பேர் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பார்களே!

"இன்னைக்குக் காலையில வந்துச்சு, டாக்டர்."

சர்க்கரைத் தண்ணீர் கதையையும் கேட்டுவிட்டு டாக்டர் பேனாவை மூடினார். "காரணம் புரியுதும்மா. ஆனா இன்னும் மூணு மாசம் பார்க்கணும்."

திரும்பும் படகில் உம்மாவைத் திட்ட வார்த்தை வார்த்தையாகச் சேர்த்துக்கொண்டு வந்தாள்.

"கிடைச்சுச்சா?" வாசலிலேயே நின்றாள் ஜுமைலா.

"மூணு மாசம் கழிச்சு வரச் சொல்லிட்டாங்க."

"யா அல்லாஹ்! அப்ப தெனமும் ஓதித் தர்றேன் மோளே."

சேர்த்த வார்த்தை எல்லாம் எங்கே போயிற்றோ. ரஃபீனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "தாங்க உம்மா, குடிக்கிறேன். சர்க்கரை மட்டும் வேணாம்."

"வெறும் வயித்தோட போறியேன்னு ரெண்டே ஸ்பூன்..." ஜுமைலா வாயைப் பொத்திக்கொண்டாள். அன்று முழுக்க அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

மறுநாள், கனவில் ஓட்டுக்கூரைகள் சாய்கிற நேரம் பார்த்து உம்மா எழுப்பினாள். கையில் டம்ளர். நீட்டுவதற்கு முன்னால் தானே ஒரு மிடறு குடித்துப் பார்த்துக்கொண்டாள்.