வெட்டிப் பார்த்த வெல்டிங்

மொத்தமான இரும்புக் கம்பியை மொத்தமான தட்டில் வெல்டிங் வைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கேஸ் நெருப்பைக் காட்டித் தட்டின் சூடு இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்; மற்றவர் உருகி ஒட்டும் வெல்டிங் ராடைப் பிடிக்க வேண்டும். ராடு ஈரமாக இருந்தால் உள்ளே துளை விழும். தட்டு ஜில்லென்று இருந்தால், வெல்டிங் மேலே எவ்வளவு அழகாக ஓடினாலும் ஆறும்போது விரிசல் விட்டுவிடும். இதைப் பற்றி நான் அரை மணி நேரம் பேசுவேன். கேட்கத்தான் ஆள் கிடையாது.

எழுபதுகளின் கடைசியில் செல்லூரில் ஒரு சந்துக்குள் நானும் என் நண்பனும் சேர்ந்து பட்டறை வைத்திருந்தோம். சுற்றிலும் விசைத்தறி. தறி ஓடினால் கரண்ட் இறங்கிவிடும். அதனால் கனமான வேலையெல்லாம் தறிக்காரர்கள் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும் அந்த ஒரு மணி நேரத்தில்தான். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை. நாள் முழுக்க நான் வாய் திறந்து பேசியது அவனோடு மட்டும்தான். அதிலும் பாதி சண்டை.

"ராடைக் காயவெச்சியா?" என்று கேட்பேன்.

"வெச்சேன் மாப்ள, வெச்சேன். நாளைக்கு ஒன் கல்யாணத்துல தாலியக் காயவெச்சாச்சான்னு கேப்ப போல!"

ஒரு ஐப்பசியில், மேலூர் கல்குவாரி ஒன்றுக்குக் கல் தூக்கும் கம்பத்தின் அடித்தட்டு செய்ய வேண்டியிருந்தது. மணிக்கட்டு மொத்தக் கம்பி, ஒன்றரை அங்குலத் தட்டு. அது விட்டுப்போனால் கல்லும் கம்பமும் ஆள் மேல்தான் விழும். கம்பத்தை அளந்து பார்க்க நான் மேலூர் போனேன். குவாரி மேஸ்திரி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அங்கேயே தங்கி, மறுநாள் அவரோடு பஸ்ஸில் திரும்பினேன்.

பட்டறையில் நண்பன் இல்லை. கம்பி தட்டின் மேல் ஒட்டி நின்றது. பக்கத்தில் மூடி திறந்த ராடு டப்பா சாரலில் நனைந்து கிடந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஈர ராடு, நெருப்புக் காட்ட ஆளும் இல்லை, நான் இல்லாத நேரம் பார்த்து இழுத்து விட்டிருக்கிறான்!

"நல்லாத்தானேண்ணே இருக்கு?" என்றார் மேஸ்திரி.

"மேலுக்கு நல்லாத்தான் இருக்கும்" என்று கிரைண்டரைப் போட்டேன்.

பாதி வெட்டும்போது அவன் டீக்கடையிலிருந்து வந்தான். என் கை நின்றது.

"நிறுத்தாத மாப்ள. முழுசா வெட்டிப் பாத்துரு."

அப்போதாவது விட்டிருக்கலாம். திமிர் விடவில்லை, முழுசாகவே வெட்டினேன். உள்ளே ஊசிமுனை அளவு துளைகூட இல்லை, கசடு இல்லை. அடிவரை உருகிப் பிடித்திருந்தது. பக்கத்துத் தறிக்காரர் வந்து எட்டிப் பார்த்தார். "நேத்து நாந்தாண்ணே நெருப்புப் புடிச்சேன். ராடை அடுப்புல காயவெச்சு, முடிஞ்சதும் மெதுவா ஆறட்டும்னு தட்டைச் சாம்பல்ல பொதைச்சு, காலையிலதான் எடுத்தாப்ல" என்றார். டப்பாவில் நனைந்தது மிச்ச ராடு. தட்டின் அடியில் ஒட்டியிருந்த சாம்பலை அப்போதுதான் பார்த்தேன். நண்பன் தன் வெல்டிங் கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டு பரவையில் இருந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டான்.

மறுநாள் வெட்டிய கம்பியை நானே தனியாகத் திரும்ப வைத்தேன். தறிக்காரரைக் கூப்பிட வெட்கம். நெருப்பைக் கீழே வைத்துவிட்டு ராடைப் பிடிப்பதற்குள் தட்டு ஆறியது. ராடை வைத்துவிட்டு நெருப்பை எடுப்பதற்குள் இன்னும் ஆறியது. ஊருக்கெல்லாம் பாடம் சொல்கிற எனக்கும் இரண்டே கைதான். அடுத்த நாள் காலையில் கம்பியைச் சுற்றி மயிரிழை விரிசல்.

மன்னிப்புக் கேட்கத்தான் பரவைக்குப் போனேன். வாயில் வந்தது, "மேலூர் வேலை விரிசல் விட்டிருச்சு" என்பது மட்டும். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தான். விரிசலைத் தோண்டி எடுத்தோம். தறிகள் நின்றதும் அவன் நெருப்புக் காட்டினான், நான் ராடு பிடித்தேன். சாம்பலில் புதைத்துவிட்டுக் கை கழுவும்போது சொன்னான்:

"ஒரு வார்த்தை கேட்டிருந்தாச் சொல்லிருப்பேன்ல."

கேட்டிருக்கலாம்தான். ஆனால் அவன் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேனா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அதுதான் வலிக்கிறது.

அன்றைக்குப் பிறகு அவன் பட்டறைக்குத் திரும்ப வரவில்லை. அந்தத் தட்டு குவாரியில் பல வருஷம் அசையாமல் நின்றதாகச் சொன்னார்கள். மொத்தமான கம்பி வேலையை அதற்குப் பிறகு நான் எடுக்கவே இல்லை. ஜன்னல் கிரில், சைக்கிள் கேரியர், இரும்பு நாற்காலி என்று செய்து காலத்தை ஓட்டினேன். அதற்கெல்லாம் ஒரு ஆள் போதும்.