வளைவு கடக்கும் குழாய்

அவளைத் தெருவில் எல்லோரும் ‘கனவு’ என்றுதான் சொல்வார்கள். கூப்பிட்டால் உடனே திரும்ப மாட்டாள். பேச்சு நடுவே கண் எங்கேயோ போய்விடும். பால் பொங்கி அடுப்பை அணைத்த பிறகுதான் தான் சமையலறையில் நிற்பதே அவளுக்குத் தெரியவரும். ஆனால் வெல்டிங் முகமூடியைப் போட்டுக்கொண்டு வீட்டின் பின்கட்டில் உட்கார்ந்துவிட்டால், அவள் கை ஒரு மயிரிழை பிசகாது.

அவள் வேலை மோட்டார் சைக்கிளுக்குச் சைலன்சர் செய்வது. கணவர் தையற்காரர். முன்னறையில் அவர் துணி வெட்ட, பின்கட்டில் இவள் தகரம் வெட்டுவாள். குழாய் விரிந்துகொண்டே போகும் இடத்துக்குத் தகரத்தை எப்படி வெட்டுவது என்ற சந்தேகம் வந்தால் அவரைத்தான் கேட்பாள். அவர் பாவாடைக்குக் காகிதம் வெட்டுவதுபோல வெட்டித் தருவார். “இந்தப் பாவாடையை யார் கட்டிக்கப் போறாங்க?” என்று கேட்டுச் சிரிப்பார்.

அந்த வீட்டுக்கு வராத ஒரே ஆள் அவருடைய தங்கை. பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை அவளுக்கு, விடுமுறை நாளில் மோட்டார் சைக்கிள் பந்தயம். ஒரு காலத்தில் அண்ணன்தான் அவளுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு திடல் திடலாக அலைந்தார். கல்யாணம் ஆனதும் அது நின்றது. அண்ணி முந்தானையில் முடிந்துகொண்டாள் என்று தங்கைக்கு ஆறாத கோபம். எங்காவது எதிர்ப்பட்டால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவள் ஒரு நாள் காலையில் வண்டியோடு வாசலில் வந்து நின்றாள். வானம் கிழிகிற மாதிரி சத்தம். பக்கத்து வீட்டு ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன.

“புதுக் குழாய் போட்டேன். சத்தம் வருது, இழுவை வரல,” என்றாள், அண்ணனைப் பார்த்து.

“என்னைக் கேட்டா? அவளைக் கேளு,” என்று அவர் ஊசியில் நூல் கோர்க்கப் போய்விட்டார்.

கனவு வண்டியின் பின்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தாள். குழாயின் வாய்க்குச் சற்றுத் தள்ளி உள்ளங்கையைப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டாள். வெகுநேரம் எழவில்லை.

“தூங்கிட்டாங்களா?” என்றாள் நாத்தனார்.

“குழாய் ரொம்ப அகலம்மா,” என்றாள் கனவு, கண்ணைத் திறக்காமலே. “புகை ஓடாம நடந்து போகுது. புகை மட்டும் போறதில்ல, கூடவே ஒரு அலையும் போகும். குழாய் முடியற இடத்துல அது திரும்பி இன்ஜினுக்கு வரும். புகையை வெளியே விடற வால்வு மூடறதுக்குள்ள வந்துட்டா, மிச்சப் புகையை உறிஞ்சி வெளியே தள்ளி, புதுக் காத்துக்கு இடம் பண்ணும். அதுதான் இழுவை. சத்தம் வேற, சக்தி வேற.”

நாத்தனார் வண்டியை விட்டுவிட்டுப் பஸ்ஸில் போனாள்.

சற்று ஒடுக்கமாக, நீளமாக ஒரு குழாய் உருவானது. வெல்டிங் ஓரங்களில் நீலமும் பொன்னும் கலந்து, மழைக்குப் பிந்தைய வானம் போல நிறம் ஏறியிருந்தது. ஓட்டிப் பார்த்த நாத்தனார் முகம் சுளித்தாள்.

“மிக்ஸி ஓடற மாதிரி இருக்கு. பந்தயத்துல சிரிப்பாங்க.”

“இழுக்குதா?”

“ஆரம்பத்துல இழுக்குது. வளைவு முடிஞ்சு முறுக்கினா இழுவையில நடுவுல ஒரு பள்ளம். விழுந்து எழுந்திரிக்குது.”

கனவு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாள். வெள்ளை பூத்திருந்தது. காற்று கூடிவிட்டது, பெட்ரோல் போதவில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் விடும் ஜெட்டைக் கழற்றிப் பெரியதாக மாற்றினாள். பிளக் நல்ல பழுப்புக்கு வந்தது. பள்ளம் மட்டும் அப்படியே இருந்தது.

“நான்தான் சொன்னேனே, இது மிக்ஸிதான்,” என்றாள் நாத்தனார். பந்தயம் நெருங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் மதியம், முன்னறையில் தையல் மிஷின் சீராக ஓடிக்கொண்டிருக்க, கனவு சுவரில் சாய்ந்தபடி கண்ணயர்ந்தாள். அந்த அரைத்தூக்கத்தில் அவள் குழாய்க்குள் இருந்தாள். வெதுவெதுப்பான நீண்ட கூடம். சுவரெல்லாம் மங்கிய வெள்ளி. கால் தரையில் படவில்லை. கடைசிவரை மிதந்து போய், வெளிச்சத்தைத் தொட்டு, அதே வேகத்தில் திரும்பினாள். தூரத்தில் வால்வு ஒரு வட்டக் கதவாகத் திறந்திருந்தது. அவள் நெருங்க நெருங்க அது இறங்கியது. போய்ச் சேர்ந்தபோது மூடியிருந்தது. கதவில் கையை வைத்தபடி அவள் நின்றாள். அந்தப் பக்கம் யாரோ மூச்சு வாங்குவது கேட்டது.

விழித்தவள் நேரே இரும்பறுக்கும் ரம்பத்தை எடுத்தாள்.

“என்ன பண்றே?” என்றார் கணவர்.

“வழி நீளம். அலை தாமதமா வந்து சேருது,” என்று குழாயில் ஒரு துண்டை அறுத்து எடுத்துவிட்டு மறுபடி பற்றவைத்தாள்.

பந்தயத்தன்று தையற்காரர் கடையைச் சாத்திவிட்டு மனைவியோடு திடலுக்குப் போனார். தங்கை அண்ணனைப் பார்த்துவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். மற்ற வண்டிகளின் இரைச்சலில் அவள் வண்டி இருப்பதே தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு வளைவு முடிவிலும், யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளிவிட்டதுபோல அது முன்னே வழுக்கிப் போனது. நேர்ப்பாதையில் ஒருத்தன் மட்டும் அவளைத் தாண்டினான். இரண்டாவதாக வந்தாள். அதுவரை அவள் அந்த இடத்துக்கு வந்ததில்லை.

வண்டியை நிறுத்தியதும் நேரே கனவிடம் வந்தாள். முகமெல்லாம் புழுதி.

“அண்ணி, நேர்ல இன்னும் கொஞ்சம் வேகம் வராதா?”

“வரும். வளைவுல குறையும். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசைன்னா எப்படிம்மா?”

நாத்தனார் யோசித்தாள். பிறகு சிரித்துவிட்டாள். “வளைவே இருக்கட்டும். ஏறுங்க பின்னால.”

கனவு அதுவரை பந்தய வண்டியில் உட்கார்ந்ததே இல்லை. புடவையைச் செருகிக்கொண்டு, நாத்தனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். காலியான திடலை அவர்கள் மெதுவாகச் சுற்றி வந்தார்கள். பாதி வழியில் நாத்தனார் திரும்பி ஏதோ கேட்டாள். கனவு கண்ணை மூடிக் குழாயின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இறங்கியதும், “எப்படி இருந்துச்சு?” என்று கணவர் கேட்டார்.

“இன்னொரு சுத்து போகச் சொல்லுங்க,” என்றாள்.