புள்ளி முன்னாலா, பின்னாலா?

கம்ப்யூட்டர் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலாளி அண்ணாச்சி ஒரு சி.பி.யு.வைத் தட்டிக் காட்டிக் கேட்டார்: "ஏலே, இது எத்தனை குதிரை?"

அவர் மேல் தப்பில்லை. பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் கடையில் அதுவரை மோட்டார் பம்ப்செட் விற்றுக்கொண்டிருந்தார்கள். ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாழைத்தோட்டக்காரர்கள்தான் வாடிக்கை. தொண்ணூறுகளின் நடுவில், இனிமேல் கம்ப்யூட்டர்தான் காலம் என்று யாரோ அண்ணாச்சி காதில் ஓதிவிட்டார்கள். அவரும் போர்டை மாற்றிவிட்டார். மாற்றியது போர்டை மட்டும்தான்.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் முடித்தவன். நூறு மெகாஹெர்ட்ஸ் என்றால் என்ன என்று தொண்டை வறள விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நூறு குதிரைன்னு சொல்லு. இதுக்கு என்னத்துக்குலே இவ்வளவு பேச்சு?" என்றார். அன்றிலிருந்து எங்கள் கடையில் ப்ராசஸர் குதிரை, ஹார்ட் டிஸ்க் தொட்டி, ராம் வாய்க்கால். "வாய்க்கா நல்ல அகலம்வே. தண்ணி குபுகுபுன்னு வரும்" என்பார். வாடிக்கையாளர்களுக்கும் அதுதான் புரிந்தது. நான் படித்த படிப்பு யாருக்கும் புரியவில்லை.

இப்போது வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிற பிள்ளைகள் என்னிடம் வந்து, "என்ன கம்ப்யூட்டர் வாங்கலாம் சார்?" என்று கேட்கிறார்கள். நான் ஓய்வு பெற்றதை யாரும் மதிப்பதில்லை. அவர்கள் கொண்டுவரும் கேள்விகளில் குதிரையும் வாய்க்காலும் வேறு பெயரில் அப்படியே இருக்கின்றன. அவர்களுக்குக் கோமதியக்கா கதையைச் சொல்வது என் வழக்கம்.

1. கண்ணாடிக் கதவு

கோமதியக்கா வீட்டிலேயே ஜாப் டைப்பிங் செய்தவர். தமிழுக்கு ஒன்று, இங்கிலீஷுக்கு ஒன்று என்று இரண்டு டைப்ரைட்டர். இரண்டிலும் ஹையர் பாஸ். கல்லூரி தீசிஸ், கோர்ட் மனு எல்லாம் அவர் கையால்தான் போகும். இருபது வருடத் தொழில். தெருவில் நடந்து போனால், அவர் வீட்டு ஜன்னலில் மழை பெய்கிற சத்தம் கேட்கும்.

அப்போதுதான் கல்லூரி எதிரே கண்ணாடிக் கதவு போட்டு ஒரு டி.டி.பி. சென்டர் திறந்தார்கள். உள்ளே ஏ.சி. உடனே பேராசிரியர்களுக்கு ஞானோதயம் வந்துவிட்டது. இனி தீசிஸ் எல்லாம் கம்ப்யூட்டர் பிரிண்டில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஆராய்ச்சி எப்படி இருந்தாலும் எழுத்து பளபளவென்று இருக்க வேண்டும் அல்லவா?

ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு தமிழ் ஆசிரியர், பிஎச்.டி. தீசிஸோடு அக்காவிடம் வந்தார். "ஒங்க கை மாதிரி யாருக்கும் வராதுக்கா. ஆனா மெஷின் வேணுமே. தை பொறக்கிறதுக்குள்ள நீங்க வாங்குனா ஒங்ககிட்ட. இல்லேன்னா காலேஜுக்கு எதுத்தாப்ல போயிருவேன்" என்றார். பாராட்டும் மிரட்டலும் ஒரே மூச்சில்.

அந்த ஒரு தீசிஸ் போனால், அந்தக் கல்லூரியே போய்விடும். அது அக்காவுக்குத் தெரியும். அதனால்தான் கம்ப்யூட்டர் வாங்கத் துணிந்தார்.

2. சிங்கம்

வாங்க வந்தது அக்கா. தேர்ந்தெடுத்தது அவர் கணவர் கந்தப்பன் சார். பொதுப்பணித் துறையில் கிளார்க். பத்திரிகையில் வந்த கம்ப்யூட்டர் கட்டுரைகளை எல்லாம் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அவரோ இரண்டு விரலால்கூட டைப் அடிக்க மாட்டார். நிபுணராக இருப்பதற்கு அது ஒரு தடையே இல்லை.

"மல்டிமீடியா இருக்கா?"

"இருக்கு சார். பாடும், பேசும். நூத்து முப்பத்து மூணு குதிரை" என்றார் அண்ணாச்சி.

நான் டெமோ சி.டி.யைப் போட்டேன். திரையில் ஒரு சிங்கம் வந்து கர்ஜித்தது. எதிர்க்கடை டீ மாஸ்டர் உட்படத் தெருவே உள்ளே வந்துவிட்டது. கந்தப்பன் சார் சாய்ந்துவிட்டார். ஸ்பீக்கரோடு, சி.டி. டிரைவோடு, அந்த சிங்கத்தோடு வேண்டும் என்றார். பட்ஜெட் இடித்தது. உடனே பிரிண்டரை வெட்டிவிட்டார்.

"பிரிண்டரு அடுத்த வருசம் பாத்துக்கிடலாம். இப்போதைக்கு பிரிண்ட்ட வெளிய எடுத்துக்கிடலாம்."

வெளியே என்றால் அந்தக் கண்ணாடிக் கதவுதான். ஊரில் வேறு இடம் கிடையாது.

ஸ்டெபிலைசர்களுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அக்கா அப்போதுதான் வாய் திறந்தார். "தம்பி, தமிழ் அடிக்கலாமா?"

"அடிக்கலாம்க்கா. டைப்ரைட்டர்ல இருக்க அதே கீபோர்டுதான்." சாப்ட்வேர் பெட்டியின் மேல் அப்படித்தான் அச்சடித்திருந்தது.

"ஒரு தடவை அடிச்சுப் பாக்கட்டுமா?"

கந்தப்பன் சாருக்குக் கூச்சமாகிவிட்டது. "சும்மா இரு. வீட்டுக்குப் போனதுக்கப்புறம் நாள் பூரா அடியேன், யாரு வேண்டாம்னா?"

அண்ணாச்சியும் தன் பங்குக்கு, "தங்கச்சி, மோட்டார கடையில வச்சு ஓட்டிப் பாக்க முடியுமா? கெணத்துல எறக்குனாத்தான் தெரியும்" என்றார்.

"சிங்கத்த மட்டும் ஓட்டிக் காட்டுதியளே" என்றார் அக்கா. யார் காதிலும் விழவில்லை. சிங்கம் கர்ஜித்துக்கொண்டிருந்தது.

3. ஷோகேஸ்

நல்ல நேரம் பார்த்து மாட்டப் போனேன். கந்தப்பன் சார் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டு, எலுமிச்சம்பழத்தோடு சக்கரத்தைத் தேடினார். கடைசியில் மவுஸுக்கு அடியில் ஒரு உருண்டை இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதன் முன்னால் வைத்தார். நல்ல வேளை, நசுக்கவில்லை.

எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் விலை கூடிய பொருள் எதுவானாலும் அதற்கு ஒரே இடம்தான்: முன்னறை ஷோகேஸ். மானிட்டரை வெண்கல மயிலுக்கும் அவர் இளமையில் கேரம் விளையாடி வாங்கிய கப்புக்கும் நடுவே ஏற்றிவிட்டார். கீபோர்டு வயர் கீழே எட்டவில்லை. நெஞ்சு உயரத்தில் தொங்கியது.

அக்கா வந்து நின்று பார்த்தார். "நின்னுக்கிட்டு அடிக்கதுக்கு நான் என்ன கோயில் மணியா அடிக்கப் போறேன்?"

"வாரவங்க போறவங்க பாக்க வேண்டாமா?" என்றார் கணவர்.

"பாக்க வாரவங்களுக்கு அந்தச் சிங்கத்த படமா மாட்டி வைங்க. எனக்கு இத எறக்கித் தாங்க."

இறக்கினோம். டைப்ரைட்டர் மேசையில் வைத்ததும் உயரம் அளவெடுத்ததுபோலப் பொருந்தியது. ஷோகேஸ் வெறிச்சோடியது. கந்தப்பன் சார் முகமும்தான்.

4. புள்ளி

மறுநாள் காலையில் கடைக்குப் போன் வந்தது. "தம்பி, என்ன வருதுன்னு வாயால சொல்ல முடியாது. நீ வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். "பக்கம்" என்று அடித்திருந்தார். திரையில் "ப்கக்ம" என்று இருந்தது. வாயால் சொல்ல முடியாது என்றது உண்மைதான்.

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. தமிழ் டைப்ரைட்டரில் புள்ளி விசையை அடித்தால் உருளை நகராது. அதனால் புள்ளியை முதலில் அடித்து, அதன் கீழே எழுத்தை அடிக்க வேண்டும். இருபது வருடமாக அக்காவின் விரல் புள்ளி முன்னே, எழுத்து பின்னே என்றுதான் ஓடுகிறது. நாங்கள் போட்ட சாப்ட்வேரிலோ எழுத்து முன்னே, புள்ளி பின்னே. விசைகள் அதே இடத்தில்தான் இருந்தன. பெட்டி மேல் எழுதியிருந்தது பொய்யில்லை. ஆனால் அக்கா அடித்த ஒவ்வொரு புள்ளியும் முந்தைய எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

"அவ்வளவுதானே? ஒரு வாரம் பழகுனா சரியாயிரும்" என்றார் கந்தப்பன் சார்.

"ஒரு வாரம் எடது கையால சாப்பிட்டுக் காட்டுங்க. அப்புறம் நான் பழகுதேன்."

விளையாட்டாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். அக்காவின் கண் கலங்கியிருந்தது. கோபத்தில் வந்த கண்ணீர்தான், ஆனாலும் கண்ணீர். "எங்கிட்ட இருக்கது இந்த வேகம் மட்டும்தான் தம்பி. அதயும் புடுங்கிட்டா நான் ஒவ்வொரு எழுத்தாத் தேடி அடிக்கதுக்குள்ள தை பொறந்திரும்" என்றார்.

கந்தப்பன் சார் சமாதானமாக, "எங்க, எம்பேர அடி பாப்போம்" என்றார்.

அக்கா அடித்தார். "க்நத்பப்ன."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். நூற்று முப்பத்து மூன்று குதிரையும் சேர்ந்து அவர் பெயரை மிதித்துப் போட்டிருந்தன. "இது என்ன அக்கிரமம்! ஏட்டி, கெளம்பு கடைக்கு!" என்று சட்டையை மாட்டினார். மற்றவர்களுக்கு நேர்ந்தபோது பழகிக்கொள்ள வேண்டிய விஷயமாக இருந்தது.

5. தண்ணீர் இறைக்காத மோட்டார்

"வித்த மோட்டார திருப்பி எடுக்கது நம்ம கடையில பழக்கம் கெடையாது" என்றார் அண்ணாச்சி.

"தண்ணி எறைக்காத மோட்டார விக்கது மட்டும் பழக்கமா அண்ணாச்சி?" என்றார் அக்கா.

அந்த நேரம் பார்த்து ஒரு வக்கீல் சிங்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா அவரிடம் திரும்பி, "ஒங்க பேரு என்ன சார்?" என்று கேட்டு, டெமோ மெஷினில் அடித்துக் காட்டினார். வக்கீல் பெயரில் புள்ளிகள் அதிகம். பார்த்துவிட்டு, "யோசிச்சுட்டு வாரேன்" என்று போய்விட்டார்.

அண்ணாச்சி என்னை முறைத்தார். நான் சென்னை சப்ளையருக்குப் போன் போட்டேன். "பழைய டைப்ரைட்டர் முறைன்னு ஒண்ணு தனியா இருக்கு சார். புள்ளி முன்னாடி. யாரும் கேக்கறதில்ல" என்றார்கள். டைப் அடிப்பவர்களை யாரும் கடையில் கீபோர்டைத் தொட விடுவதில்லை, அப்புறம் யார் கேட்பார்கள்?

அக்கா பேரத்தை முடித்தார். "இந்தப் பாட்டுப் பொட்டி, சிங்கம் எல்லாத்தையும் நீங்களே வச்சுக்கிடுங்க. எனக்கு பிரிண்டரையும் புள்ளியையும் குடுங்க."

அண்ணாச்சி மேலும் கீழும் பார்த்தார். வாழைத்தோட்டக்காரர்களிடம் பழகிய நியாயம் அவருக்குள் எங்கேயோ மிச்சம் இருந்திருக்க வேண்டும். "எலே, சொன்னதச் செய்" என்றார். கந்தப்பன் சார் மட்டும் ஸ்பீக்கரை ஒரு முறை பைய தடவிப் பார்த்துக்கொண்டார்.

புள்ளி முன்னே வரும் அந்த சாப்ட்வேர், பிளாப்பியில் பஸ் பார்சலாக வந்தது. போட்டுக் கொடுத்தேன். அக்கா "பக்கம்" என்று அடித்தார். பக்கம் என்றே வந்தது. அதன் பிறகு அந்த ஜன்னலில் மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. பெரிய சத்தம் இல்லை, தூறல்தான். ஒவ்வொரு வரி முடிவிலும் அவர் இடது கை மட்டும் உருளையைத் தள்ளுவதற்காக மானிட்டர் ஓரத்தைத் தேடிப் போகும். பாதி வழியில் நினைவு வந்து திரும்பிவிடும். அதைப் பார்த்து அவரே சிரித்துக்கொள்வார்.

6. பிழை

நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். யார் கம்ப்யூட்டர் கேட்டு வந்தாலும், முதலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "யாரு வேலை பாக்கப் போறிய? அவிய இங்கன வந்து உக்காருங்க" என்பேன். நாற்காலியில் உட்காராத ஆள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்வதை நிறுத்திவிட்டேன். அண்ணாச்சி இதையும் தன் வழியில் எடுத்துக்கொண்டார். "கெணத்துல எறக்கிப் பாத்துட்டு வாங்குங்கவே" என்று எல்லோரிடமும், தானே கண்டுபிடித்ததுபோலச் சொன்னார்.

தீசிஸ் தை பிறக்கும் முன்பே முடிந்தது. பிரிண்டரில் காகிதம் சிக்குகிறது என்று நான் போயிருந்த அன்றுதான் ஆசிரியர் வாங்கிப் போக வந்தார். முதல் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர், நன்றியுரையில் நின்றுவிட்டார். வழிகாட்டிய பேராசிரியருக்கும், முதல்வருக்கும், மனைவிக்கும், மாமனாருக்கும் நன்றி சொல்லிவிட்டு, கடைசி வரியில் "அழகுற அச்சிட்டுத் தந்த கணிப்பொறிக்கும்" என்று அவர் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தார்.

"எக்கா, கணிப்பொறிக்கும்னுல்லா எழுதியிருந்தேன். இங்கன கோமதிக்கும்னு இருக்கு?"

அக்கா எட்டிப் பார்த்தார். "அப்படியா சார்? இந்த மெஷின் வந்ததுலேருந்தே அப்பப்போ எதையாவது மாத்திப் போட்டுருது."

"அப்போ பிழையா?"

"பிழையா இருக்காது சார்" என்றார் அக்கா, அடுத்த தாளைச் செருகியபடி. "அந்தப் பேர்ல புள்ளியே கெடையாதே."