பிலோமினா மிஸ்ஸின் வலப்பக்கம்

கல்பிட்டிக் கருவாட்டு வியாபாரிகளுக்குள்ளே மிக அழகானவனும் மிக உண்மையானவனுமாகிய நான், பிலோமினா மிஸ்ஸை அறிந்த அனைவருக்கும் வலது கையை நெஞ்சில் வைத்து ஒரு வாக்குத் தருகிறேன்: கீழே வரப்போகும் கதையில் ஒரு சொல்லையும் நீங்கள் நம்பமாட்டீர்கள். தப்பித்தவறி நம்பிவிட்டால் அது என் எழுத்தின் குற்றம். கல்பிட்டிக்கு வந்து என்னை அடித்துவிட்டுப் போகலாம்.

செய்தி வந்தபோது நான் கட்டாக் கருவாட்டை வெயிலில் புரட்டிக்கொண்டிருந்தேன். என் தங்கச்சியின் மகள் நஸ்ரா போனில் கோல் எடுத்தாள்.

"மாமா, மிஸ் போயிட்டாங்க."

"எங்க?"

"மௌத்தாகிட்டாங்க மாமா. நித்திரையிலயே."

அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம். "கடல்ல ஒரு மீனும் கிழடாகிச் சாகாது. எல்லாம் இன்னொண்டிட வாய்க்குள்ளதான் முடியும்" என்று மேசையில் குத்திக் குத்தி எங்களுக்குக் கற்பித்த மனுசி, சிலாபத்தில் தன் சொந்தக் கட்டிலில், போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, சத்தமில்லாமல் போய்விட்டார். இது எங்கள் பாடத்திட்டத்துக்கே விரோதம். அவரைக் கொண்டுபோக ஒரு சுறாவாவது வந்திருக்க வேண்டும். அவருடைய தரத்துக்கு ஒன்று போதாது.

மீனை அது செத்த பிறகு மட்டும் அறிந்த நான், கடல் உயிரியல் அறிமுகப் பாடநெறியில் எப்படி மாணவனானேன் என்று கேட்பீர்கள். நஸ்ராவுக்கு அந்தப் பாடநெறியில் இடம் கிடைத்தபோது அவளுடைய வாப்பா, அதாவது என் மச்சான், கதிரையை விட்டு எழும்பாமலே அனுப்பமாட்டேன் என்றார். அவருடைய தம்பியைக் கடல் எடுத்திருந்தது. மையித்துகூடக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவர் கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். தங்கச்சி அழுதாள், நஸ்ரா சாப்பிடாமல் கிடந்தாள், கடைசியில் அவர் இறங்கி வந்தார். மஹ்ரமான, எங்கள் மார்க்கத்தில் அவளைக் கட்டிக்கொள்ள முடியாத உறவிலுள்ள, ஆண்துணை ஒன்று கூடவே போக வேண்டும். தாய்மாமனைவிட நல்ல துணை ஏது?

"போட்டுல ஏத்துறதும் நீங்க, இறக்குறதும் நீங்க," என்றார் மச்சான். "புள்ளையிட மேல கடலால ஒரு கீறல் கண்டேன் எண்டா, அண்டையோட படிப்பு முடிஞ்சி."

இப்படியாக ஒரு பெண்ணின் படிப்பு முழுவதும் என் இரண்டு கைகளில் வந்து விழுந்தது.

முதல் நாள் வகுப்பில் கடைசிக் கதிரையில் நான் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன். மிஸ் உள்ளே வந்தார். உயரம் என் தோளுக்குக் கீழே. குரல் கல்பிட்டிக் கோட்டையின் மதிலுக்கு மேலே.

"நீங்க ஆரு?"

"புள்ளையிட மாமா."

"மாமாவா வந்தா வெளிய மரத்துக்குக் கீழ இருங்க. உள்ள இருந்தா படிக்கணும், சோதினை எழுதணும். என்ட வகுப்புல சும்மா இருக்கிறது சுவர் மட்டும்தான்."

வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே மின்விசிறி இருந்தது. நான் விஞ்ஞானியானேன்.

அன்றே முதற் கொலை நடந்தது. கடல் என்றால் என்ன என்று மிஸ் கேட்க, முன்வரிசையில் ஒருத்தி, "அழகு மிஸ்" என்றாள். மிஸ் ஒரு நண்டை எடுத்து மூலையில் இருந்த கண்ணாடித் தொட்டிக்குள் போட்டார். அதற்குள் கையை மடக்கிக்கொண்டு, நான் அதுவரை விற்றிராத சாதி எறால் ஒன்று குந்தியிருந்தது. பச்சையும் சிவப்புமாக, கல்யாண மாப்பிள்ளையைப் போல. நண்டு இரண்டு அடி வைத்தது. எறால் கையை நீட்டியது எவருக்கும் தெரியவில்லை. டக் என்று ஒரு சத்தம். நண்டின் முதுகு பிளந்து வெள்ளைச் சதை தண்ணீரில் மிதந்தது. இன்னொரு டக். ஒரு கால் கழன்று போனது. மூன்றாவது சத்தத்துக்குக் கோட்டையில் கிடந்த ஒல்லாந்தர் பீரங்கி ஒன்று பதில் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

"ஹரி," என்று சிங்களத்தில் சரி சொன்னார் மிஸ். "இப்ப எழுதுங்க. அழகு எண்டு எழுதாம, ஆர் ஆரைத் தின்றாங்க எண்டு எழுதுங்க."

நான் ஆயிரக்கணக்கான அந்தர் நிறை எறால் விற்றவன் என்ற திமிரில் தொட்டிக்குள் விரலை விட்டேன். அந்த எறால் என் பெருவிரலை அடித்த அடியில் என் வாப்பாவுடைய வாப்பா கபுறில் புரண்டு படுத்திருப்பார். நகம் கறுத்து, விழுந்து, புதியது முளைக்கும்வரை வகுப்பில் எனக்கு மரியாதை கூடியிருந்தது. அன்றிலிருந்து எல்லோருக்கும் நான் மாமா. மிஸ்ஸும் அப்படித்தான் கூப்பிட்டார், என்னைவிட ஒரு வயது மூத்தவராக இருந்தும்.

ஆலங்குடாக் கரையில் நடந்த செயன்முறை வகுப்பை நஸ்ரா இன்றும் சொல்லிச் சிரிப்பாள். மிஸ் ஒரு கடலட்டையை என் கையில் தந்து, பலமாகப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். அது தன் குடல் முழுவதையும், பிசின் நூல்களோடு சேர்த்து, நான் உடுத்திருந்த புதுச் சாரத்தில் கக்கியது. வெள்ளைக்காரர்கள் பட்டத்தைக் கட்டிக்கொண்டு அலையில் சறுக்குகிற கரை அது. அவர்களில் ஒருவன் என்னைப் பார்த்த பார்வையில் பட்டத்தோடு போய்க் கடலில் விழுந்தான்.

"பயப்பட வேணாம், அதுக்குக் குடல் திரும்ப வளரும்," என்றார் மிஸ். "ஓடத் தெரியாது, கடிக்கத் தெரியாது. அதனால எதிரியிட முகத்துல தன்ட குடலையே எறிஞ்சிட்டுத் தப்பும். உங்களிட்ட எறியிறதுக்கு என்ன இருக்கு எண்டு எல்லாரும் இண்டைக்கு வீட்ட போய் யோசிங்க."

நான் யோசிக்கவில்லை. சாரத்தைக் கழுவுவதற்கே பொழுது போய்விட்டது.

பிறகு வந்தது கண்டக்குழி. மச்சான் பயந்த நாள் அதுதான். போட் எடுத்துக்கொண்டு முருகைக்கற்கள், அதாவது பவளப்பாறைகள், இருக்கும் திட்டுக்குப் போனோம். மிதவை அங்கியைப் போட்டால் தலைகீழாக மிதக்கும் அதிசய உடம்பு எனக்கு. ஆகவே நான் போட்டில் காவல். காலை முழுவதும் பிள்ளைகள் முகக்கண்ணாடியோடு தண்ணீரில் கிடந்தார்கள். மிஸ் கூப்பிட்டதும் ஒவ்வொருவராக ஏறிவிட்டார்கள். நஸ்ரா மட்டும் ஒரு ஆமையின் பின்னால் போய், கடைசியாக வந்துகொண்டிருந்தாள். மிஸ் தண்ணீருக்குள் அவளுக்காகக் காத்து நின்றார்.

தூரத்தில் வந்த இன்னொரு போட் எங்களுக்குக் கிட்ட வந்து நின்றது. அதில் நின்ற ஒருவன் சிகரெட்டைப் போத்தல் ஒன்றின் வாயில் வைத்துவிட்டுக் கையை ஓங்கினான். டைனமைட். மீன் கூட்டத்தைப் பார்த்தவன் எங்களைப் பார்க்கவில்லை. அல்லது பார்த்தும் எறிந்தான்.

"மாமா, இழுங்க," என்று கத்திவிட்டு மிஸ் முழுகினார். நஸ்ராவின் இரண்டு பாதங்களையும் கீழிருந்து தூக்கித் தள்ளினார். நான் மேலிருந்து அவளுடைய கைகளைப் பிடித்து இழுத்தேன். அவள் இடுப்புவரை போட்டுக்குள் வந்திருந்தாள். மிஸ்ஸின் தலை இன்னும் தண்ணீருக்குள்ளே இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கடல் எங்களை உதைத்தது.

போட் எகிறி விழுந்தது. என் பற்கள் ஒன்றோடொன்று மோதின. நஸ்ராவின் முழங்காலுக்குக் கீழே போட்டின் விளிம்பு உரசிக்கொண்டு போனது. வெள்ளை நுரை கிளம்பி அடங்கியது. பிறகு மிஸ்ஸின் தலை மேலே வந்தது. இடது காதிலிருந்து இரத்தம் வழிந்து கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

இனி கடற்போர். மிஸ் போட்டில் ஏறியதும் துடுப்பை எடுத்தார். எதிரிப் போட்டில் நாற்பது பேர், எல்லோரும் வாளோடு. மிஸ் சிங்களத்தில் ஏசிய ஏச்சில் இருபது பேர் தாமாகவே கடலில் குதித்தார்கள். மிச்சத்தைத் துடுப்பால் அடித்தார். மண்டைகள் தேங்காய் போல உடைந்தன. நான் என் செருப்பை எறிந்தேன். அது மூன்று பேரை வீழ்த்திவிட்டு என் காலுக்கே திரும்பி வந்தது. எஞ்சியவர்கள் எஞ்சினைக் கிளப்பிக்கொண்டு மன்னார்ப் பக்கம் ஓடினார்கள்.

அவர்கள் போன பிறகு மீன்கள் மேலே வந்தன. வயிறு மேலாக, வாய் பிளந்து, நூறு நூறாக. சில இன்னும் துடித்தன. முருகைக்கல்லின் உடைந்த துண்டுகளுக்கு மேலே தண்ணீர் பால் போலக் கலங்கிக் கிடந்தது. ஒரு பையன் வாந்தி எடுத்தான். கரைக்குப் போவோம் மிஸ் என்றான் போட்காரன். மிஸ் போட்டில் கிடந்த ஒரு துண்டைக் காதில் அமுக்கிப் பிடித்தபடி, "கொஞ்சம் பொறுங்க, பாடம் முடியல்ல," என்றார். ஒரு மீனை எடுத்துக் கத்தியால் கீறினார். உள்ளே காற்றுப்பை கிழிந்து, முள்ளந்தண்டு முறிந்து, இரத்தம் கட்டியாகி இருந்தது.

"சுறா கொன்றா தின்னும். இது தின்றதுக்குக் கொல்லல்ல. இதில பாதியும் அவன் எடுக்கப்போறதில்ல. முட்டையும் குஞ்சும் வீடும் எல்லாம் ஒரு போத்தல்ல. எழுதுங்க."

ஒருவரும் எழுதவில்லை. நஸ்ரா மட்டும் கத்தியை வாங்கி அடுத்த மீனைக் கீறினாள். அவளுடைய காலிலிருந்தும் இரத்தம் வந்துகொண்டிருந்ததை அப்போதுதான் கண்டேன். ஒரு சாண் நீளத்துக்குக் கீறல்.

கரையில் இறங்கியதும் நஸ்ரா அழத் தொடங்கினாள். வலியால் அல்ல. "வாப்பா நிப்பாட்டிடுவாரு மிஸ். இனி நான் வரமாட்டேன்." நான் மச்சானுடைய நிபந்தனையைச் சொன்னேன். மிஸ் வலது காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்.

"நஸ்ரா பொய் சொல்லக் கூடாது," என்றார் கடைசியில். "மாமா, நீங்க உண்மையைச் சொல்லுங்க."

"உண்மையைச் சொன்னா புள்ளையிட படிப்பு போயிடும் மிஸ்."

"உங்கட வாயால சொன்னா ஆரு நம்புவாங்க? கடலட்டை மாதிரி செய்ங்க. உங்களிட்டத்தான் எறியிறதுக்கு நிறைய இருக்கே."

அன்று மாலை மச்சான் பாணைக் கறியில் தோய்த்துக்கொண்டிருந்தார். நஸ்ராவின் கால்சட்டையில் இரத்தத்தைக் கண்டு தங்கச்சி கத்த, மச்சான் என்னைப் பார்த்தார்.

"என்ன இது?"

"கடல்ல டைனமைட் எறிஞ்சானுகள் மச்சான். பக்கத்துல. மிஸ் புள்ளையைத் தூக்கிப் போட்டுல தள்ளினா. அவட காதால ரத்தம் வந்திச்சு."

மச்சானின் முகம் வெளுத்தது. பாண் கையிலேயே நின்றது. அவருடைய தம்பி அந்த முகத்தில் எழும்பி வருவதைக் கண்டேன். உடனே எறிந்தேன். நாற்பது வாள்காரரை எறிந்தேன். செருப்பை எறிந்தேன். சத்தத்தில் விழித்த திமிங்கிலம் ஒன்று எங்கள் போட்டை முதுகில் சுமந்துகொண்டு குதிரைமலைவரை போய்த் திரும்பியது. வழியில் ஒரு சுறா மறித்தது. நான் அதன் மூக்கைக் கடித்தேன். திமிங்கிலம் கண்டக்குழியில் எங்களை இறக்கிவிட்டு ஸலாம் சொன்னது என்று நான் முடித்தபோது மச்சான் பாணை மீண்டும் கறியில் தோய்த்திருந்தார்.

"போட்டிட விளிம்பு உரசியிருக்கும்," என்றார் தங்கச்சியிடம். "இது கடலால வந்த கீறல் இல்ல. மருந்தைப் போடு." பிறகு என்னிடம், "வயசு போகப் போக உங்களுக்கு முத்துது மச்சான். அடுத்த முறையும் நீங்கதான் கூட்டிட்டுப் போகணும்."

படிப்பு நின்றுவிடவில்லை. மிஸ் பொலிசில் போய்ச் சொன்னார். அதற்குப் பிறகு, தான் போட்டில் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவராமல் எவரையும் தண்ணீரில் இறக்கியதில்லை. அந்தக் காது திரும்ப வளரவில்லை. கடலட்டையின் வரம் மனிதருக்கு இல்லை. இடப்பக்கம் நின்று கேள்வி கேட்டால் மிஸ் பதில் சொல்லமாட்டார். புதுப் பிள்ளைகள் கர்வம் என்று நினைத்தார்கள். எங்கள் வகுப்பு மட்டும், ஒருவரும் சொல்லிக் கொடுக்காமலே, அவருடைய வலப்பக்கமாக நடக்கப் பழகியது. சோதினையில் நான் தோற்றேன். கடலட்டைக் கேள்விக்கு மட்டும் முழுப் புள்ளி. "அனுபவம்" என்று பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தார். நஸ்ரா தேறினாள். இன்று முருகைக்கற்களுக்கு நடுவில் முழுகுவதுதான் அவளுடைய தொழில். காலில் அந்தத் தழும்பு இருக்கிறது.

சிலாபத்துச் செத்த வீட்டுக்கு மச்சான்தான் வேனை ஓட்டினார். மிஸ்ஸின் மகள் எங்களுக்குக் கதிரை போட்டுவிட்டு, வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "அம்மாக்கு இடது காது கேக்காது. கண்டக்குழியில ஒரு மாணவியைத் தூக்கிவிடப் போய் டைனமைட்டுல போனது. ஆரெண்டு கேட்டா சொல்லமாட்டா."

மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு நஸ்ராவின் காலைப் பார்த்தார். எழும்பி, சவப்பெட்டிக்குப் போய், அங்கே இடப்பக்கம் இடமிருந்தும் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய் நின்றார். குனிந்து மெல்ல ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. எனக்குச் சொன்னதும் அல்ல.

மிஸ்ஸிடமிருந்து என்னிடம் தங்கியது இதுதான்: யாரோடு நடந்தாலும் என் கால்கள் தாமாக அந்த ஆளின் வலப்பக்கம் போய்விடுகின்றன. காது நல்லவர்கள் ஏன் என்று கேட்கிறார்கள். நான் திமிங்கிலத்திலிருந்து தொடங்குகிறேன்.

திமிங்கிலம் பொய். சுறாவின் மூக்கு பொய். நாற்பது பேர் இல்லை, இரண்டே பேர். மிஸ் துடுப்பை ஓங்கினார், ஆனால் அது எட்டவில்லை. என் செருப்பு கடலோடு போனது. இவ்வளவு பெரிய கதையில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறு பகுதி மட்டும் உண்மை. அது அந்தக் காது.